இரண்டாவது மணி

மழை பிடித்துக்கொண்டால் அந்த வீட்டு போனுக்குச் சளியும் பிடித்துக்கொள்ளும். எடுத்துக் காதில் வைத்தால் கரகரவென்று இழுக்கும். அந்தப் பக்கம் இருப்பவர் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறாரோ என்று தோன்றும். வெயில் வந்ததும் தானாகக் குணமாகிவிடும். அந்த வருஷம் வெயில்தான் வரவில்லை.

கீழே லாண்டரி, மேலே வீடு. தங்கும் விடுதிகளிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைத்து, பிழிந்து, கொடியில் போட்டுப் பாதி ஈரம் போனதும் உருளை மெஷினில் விட வேண்டும். கொதிக்கிற பெரிய உருளை அது. இந்தப் பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால் அந்தப் பக்கம் விறைப்பாக, சூடாக, சோப்பு வாசனையோடு வெளியே வரும். மழைக்காலத்தில் கொடியில் போட்டது போட்டபடி தொங்கும். எல்லா ஈரத்தையும் உருளைதான் குடிக்க வேண்டும். கடை முழுக்க ஆவி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

அந்த மெஷினோடு வாழ்ந்து வாழ்ந்து அவருக்கு உருளைக்காரர் என்றே பெயர் நின்றுவிட்டது. அவர் மனைவி மடிப்பக்கா. விரிப்பை அவள் மடித்தால் கத்தியால் வெட்டின மாதிரி ஓரம் நிற்கும். தெருவில் அவளைவிட வயதானவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

போனை முதலில் பிரச்சினையாக்கியது மகன். கம்ப்யூட்டரில் யாருக்கோ கணக்கு எழுதிக் கொடுக்கிற வேலை அவனுக்கு. மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலிருந்தே பார்த்தான். அன்று காலை எவனோ ஒரு வாடிக்கைக்காரன் வீட்டு போனில் கூப்பிட, ஐந்து நிமிஷம் 'ஹலோ ஹலோ' என்று கத்திவிட்டு ரிசீவரை வைத்தான்.

"அப்பா, இதை மாத்திடலாம். எனக்கு எப்படியும் இன்டர்நெட் லைன் புதுசா வருது. அதே பொட்டியிலயே போனும் வரும். நம்பர்கூட மாறாது."

உருளைக்காரர் டீயை ஊதினார். "மழை விட்டா சரியாயிடும்."

"மழை விட்டாதானே? இந்தத் தெருவுல கம்பி லைன் வச்சிருக்கிறது நாம ஒருத்தர்தான். இந்த மாசத்துக்குள்ள ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கன்னு கம்பெனியில கேக்கறாங்க."

"பொட்டி போன் கரண்டுலதானே ஓடும்? கரண்ட் போனா?"

"பேட்டரி வைப்பாங்க."

"பேட்டரி தீந்துட்டா?"

"அதுக்குள்ள கரண்ட் வந்துடும்."

"வரலைன்னா?"

மகனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. "வரலைன்னா இருட்டுல உக்காந்து யார்கிட்டப்பா பேசப் போறீங்க? உங்களுக்கு யாரு போன் பண்றா?"

 அவர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் கீழே மெஷின் உறுமத் தொடங்கியது.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?" என்றாள் மடிப்பக்கா மகனிடம்.

"நான் என்னம்மா தப்பா கேட்டேன்?"

தப்பாக ஒன்றும் கேட்கவில்லைதான். யாரும் அவருக்கு போன் பண்ணுவதில்லை. அப்படித்தான் மகன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். இருந்தாள் என்ன, இருக்கிறாள், நல்லபடியாகத்தான் இருக்கிறாள், வேறு ஊரில். பிறந்தபோது வைத்த பெயர் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோய், வீட்டிலும் கடையிலும் அவள் வாலு. சொன்ன சொல்லை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டு மனுஷரைப் பைத்தியமாக்குவதில் அவளுக்கு நிகர் அவள்தான். 'அடுப்படிக்குள்ள காலை வைக்காதே' என்றால் நிலைப்படியில் நின்றுகொண்டு, உடம்பை வளைத்துக் கையை மட்டும் உள்ளே விட்டுத் தின்பண்ட டப்பாவை எடுப்பாள். 'இன்னொரு வார்த்தை பேசினே, தெரியும் சேதி' என்றால் ரெண்டு நாளைக்குச் சைகையிலேயே பிழைப்பை ஓட்டுவாள். அப்பாவுக்குக் கோபம் வந்து, சிரிப்பு வந்து, கடைசியில் சிரிப்புதான் ஜெயிக்கும். உருளைக்கு அந்தப் பக்கம் நின்று வருகிற விரிப்பை வாங்குவது அவள் வேலை. நாள் பூராவும் பேசிக்கொண்டே வாங்குவாள். மெஷின் சத்தத்துக்கு மேல் அவள் சத்தம் கேட்கும்.

அவள் ஒருநாள் மூட்டை கொண்டுவரும் வேன்காரனோடு போய்விட்டாள். அந்தப் பையனை உட்கார வைத்து தினமும் டீ கொடுத்தது உருளைக்காரர்தான். தங்கமான பையன் என்று நாலு பேரிடம் சொன்னதும் அவர்தான். அந்தத் தங்கமான பையனைத்தான் அவளும் கட்டிக்கொண்டாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரே முன்னால் நின்று நடத்திவைத்திருப்பார். அவள் கேட்கவில்லை. அவர் நெஞ்சில் தைத்தது அந்த ஒன்றுதான்.

போன ஊரிலிருந்து அவள் போன் பண்ணினாள். அவரே எடுத்தார். "அப்பா" என்று அவள் சொன்னதுமே, "இனிமே இந்த வீட்டு போன்ல உன் சத்தம் கேக்கக் கூடாது" என்றார். டக்கென்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வீடு எப்படி ஆனதென்று சொல்லி மாளாது. மகன் கதவுக்குப் பின்னால். புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டால் மெல்லுகிற சத்தம் கேட்கும். அப்படிப்பட்ட ஒரு சாயங்காலம், மெஷினை நிறுத்திவிட்டு இருவரும் மேலே வந்து உட்கார்ந்ததும், போன் ஒரே ஒரு தரம் 'க்ளிங்' என்றது. முழு மணிகூட இல்லை, அரை மணி. பிறகு ஒன்றுமில்லை. மறுநாளும் அதே நேரம், அதே மாதிரி.

யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சத்தம்தானே கேட்கக் கூடாது என்றார்? மணி கேட்கக் கூடாது என்று சொல்லவில்லையே! அவளைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்? மடிப்பக்காவுக்கு அன்று அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வருஷங்கள் ஓடின. மணி தவறவில்லை. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவுமில்லை. ஆனால் இருட்டுகிற நேரம் வந்தால் அவர் எந்த வேலையையும் போட்டுவிட்டு மேலே வந்துவிடுவார். டிவியின் சத்தத்தைக் குறைப்பார். போனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். மணி 'க்ளிங்' என்றபின் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டீ இருந்தா கொண்டா" என்பார். மடிப்பக்காவும் அந்த நேரத்தில் பாத்திரம் உருட்ட மாட்டாள். மணி கேட்டதும் மனசுக்குள்ளேயே 'நல்லா இருக்கியாம்மா' என்று கேட்டுக்கொள்வாள். இருக்கேன் என்று பதில் வந்த மாதிரியே இருக்கும்.

மகனோடு சண்டை நடந்த அன்று மத்தியானம் கீழே பெரிய விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். அதை ஒரு ஆள் மடிக்க முடியாது. இந்த முனை ஒருவர், அந்த முனை ஒருவர் பிடித்து உதறி, எட்டிப்போய், கிட்டே வந்து, முனையோடு முனை சேர்க்க வேண்டும். மகள் நின்ற இடத்தில் இப்போது மடிப்பக்காதான்.

"அவன் தெரியாம கேட்டுட்டான்," என்றாள்.

"அவன் கேட்டதுல என்ன இருக்கு?" உதறினார். இருவரும் கிட்டே வந்தார்கள். முனைகளை அவள் கையில் கொடுக்க வேண்டியவர் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். "உனக்கும் கேக்குதுதானே?"

"எது?"

"நடிக்காதடி."

அவள் கீழே பார்த்தாள். "கேக்குது."

"சத்தம் கேக்கக் கூடாதுன்னா மணி கேக்கலாமாம். எப்படிப் புடிச்சிருக்கா பாத்தியா? கொழுப்பு." கொழுப்பு என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை ஆவிகூட மறைக்கவில்லை.

"அப்ப எடுக்க வேண்டியதுதானே?"

"எங்க எடுக்கறது? ஒண்ணு அடிச்சதும் வச்சுடறாளே. இன்னொரு மணி அடிச்சா எடுத்துடுவேன். சத்தியமா எடுத்துடுவேன்."

"நீங்க எடுக்க மாட்டீங்கன்னு அவ வச்சுடறா. அவ வச்சுடறான்னு நீங்க எடுக்க மாட்டேங்கறீங்க. நல்லா இருக்குது கூத்து."

"நான் அவ அப்பன்டி."

"அதனால?"

"அதனால அவதான் ஒரு மணி கூட அடிக்கணும்." முனைகளை அவள் கையில் வைத்தார். "லைன்மேன் நாளைக்கு வர்றானாம். புதுப் பொட்டியில அந்த ஒத்தை மணி கேக்குமான்னு மட்டும் அவன்கிட்ட கேளு. கேக்கும்னா மாத்தட்டும். கேக்காதுன்னா நான் செத்தாலும் இந்தக் கம்பியை விட மாட்டேன். காரணம் கேட்டா, கிழவன் பிடிவாதம்னு சொல்லிடு."

மறுநாள் லைன்மேன் நனைந்த கோழியாக வந்து நின்றான். மகனின் அறையையும் ஹாலையும் அளந்து, பொட்டி எங்கே வரும், ஒயர் எங்கே போகும் என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டான். உருளைக்காரர் கீழே மெஷினில் இருந்தார். மகன் செல்போனில் யாரோடோ மாரடித்துக்கொண்டிருந்தான். மடிப்பக்கா துடைத்துக்கொள்ளத் துண்டும் சூடாக டீயும் கொடுத்துவிட்டு மெல்ல ஆரம்பித்தாள்.

"தம்பி, ஒரு சந்தேகம். சிரிக்கக் கூடாது."

"கேளுங்கம்மா."

"இப்ப ஒருத்தர் போன் பண்றாங்க. ஒரே ஒரு மணி அடிச்சதும் வச்சுடறாங்க. அது புது போன்லயும் கேக்குமா? இல்ல, மணி வர்றதுக்குள்ள அறுந்துடுமா?"

"கேக்கும்மா. யாரு பண்ணினாங்கன்னு நம்பர்கூடக் காட்டும். ஏன், யாராவது தொந்தரவு பண்றாங்களா?"

"சேச்சே, தொந்தரவெல்லாம் இல்ல. தினமும் சாயங்காலம் வரும். நம்ம வீட்டு ஆளுதான். லேசா ஒண்ணு அடிச்சு வச்சுடும்."

அவன் டீயை ஒரு மிடறு குடித்தான். "முழுசா அடிக்குமா? இல்ல, சின்னதா சிணுங்கற மாதிரியா?"

"சிணுங்கற மாதிரிதான்."

"அது யாரும் பண்றது இல்லைம்மா," என்று சிரித்தான். "எக்ஸ்சேஞ்சுல மெஷின் இருக்கு. தினமும் சாயங்காலம் ஒவ்வொரு லைனா தொட்டுப் பாக்கும், கம்பி அறுந்திருக்கா, நல்லா இருக்கான்னு. உங்களது அந்தக் காலத்து மணி போன் இல்லையா? தொட்டாலே சிணுங்கிடும்."

மடிப்பக்காவுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள மனசு வரவில்லை என்பதுதான் சரி. "எப்பலேருந்து அப்படி?"

"லைன் குடுத்த நாள்லேருந்தே இருக்கும்மா."

"இல்ல தம்பி. முன்னாடியெல்லாம் வந்ததில்ல. எனக்குத் தெரியும்."

"வந்திருக்கும். வீட்டுல அப்ப சத்தமா இருந்திருக்கும், காதுல விழுந்திருக்காது." டம்ளரைக் கழுவி வைக்கப் போனான். "புது போன்ல அந்தத் தொல்லையே கிடையாது, கவலைப்படாதீங்க."

அவன் போனபிறகு அவள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். கீழே உருளை ஓடிக்கொண்டிருந்தது. சத்தமாகத்தான் இருந்தது வீடு. வாலு இருந்த வீடு அது. அவள் வாய் ஓயாத வீட்டில் அரை மணி யார் காதில் விழும்? அவள் போய், வீடு செத்த வீடாகக் கிடந்த பிறகுதான் அது கேட்டிருக்கிறது. ஒரு மெஷின் கம்பியைத் தொட்டுப் பார்த்திருக்கிறது. அதைப் போய் மகள் என்று நினைத்து, நல்லா இருக்கியாம்மா என்று நலம் விசாரித்திருக்கிறாள்.

முதலில் ஆத்திரம்தான் வந்தது. பாவி மகளே, ஒரு நாள்கூட உனக்குத் தோன்றவில்லையா? பிறகு ஆத்திரமெல்லாம் கரைந்து, அவளைப் பார்க்க வேண்டும், அந்த நீட்டி முழக்குகிற பேச்சைக் கேட்க வேண்டும் என்று ஒரு ஏக்கம் கிளம்பியது.  இத்தனை வருஷமும் அந்த அரை மணி அவளுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. இப்போது அதுவும் இல்லை.

அவரிடம் சொல்லலாமா? சொன்னால் மனுஷர் உடைந்துபோவார். சொல்லாமல் கம்பி லைனையே வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொண்டால் தினமும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, இன்னொரு மணிக்காகக் காத்திருப்பார். மெஷின் இன்னொரு மணி அடிக்காது. ஆயுசுக்கும் அடிக்காது.

எழுந்து மகன் அறைக்கதவைத் தட்டினாள். "அக்கா நம்பர் உன்கிட்ட இருக்கில்ல?"

அவன் திருதிருவென்று விழித்தான். அக்காவோடு தான் பேசுவது அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தான் போல. "இருக்கும்மா. எப்பவாவது பேசுவேன். முதல்ல அவ கேக்கறதே, அப்பாவுக்குக் கோபம் போச்சான்னுதான். எனக்கென்ன தெரியும், தெரியலன்னு சொல்வேன்."

"நல்லா சொன்னே போ. போட்டுக் குடு."

செல்போனை வாங்கிக்கொண்டு பின்பக்கப் படி வழியாக இறங்கி, மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டாள். அங்கே நின்று பேசினால் மெஷினில் நிற்பவருக்குக் கேட்காது.

"என்னடா இந்நேரத்துல?" என்றது குரல். கொஞ்சம் தடித்திருந்தது. மற்றபடி அதே குரல்.

"நான்தான்," என்றாள் மடிப்பக்கா.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "பின்னாடி உருளை ஓடுதாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஓடுது."

"அந்தப் பக்கம் யாரு நின்னு வாங்கறா?"

"நான்தான் வாங்கறேன். வேற யாரு இருக்கா?"

இருவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். மூட்டை தூக்க வந்த ஆள் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனான்.

"ஏண்டி, ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"சத்தம் கேக்கக் கூடாதுன்னாரேம்மா."

"அவர் ஆயிரம் சொல்வாரு. அவர் சொன்னதையெல்லாம் கேட்டவளா நீ?"

"கேக்காம போனேன்ல. இதையாவது கேப்போம்னு இருந்தேன்."

மடிப்பக்காவுக்கு அந்த மணியைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், நீ செய்யாததை ஒரு மெஷின் செய்ததே என்று குத்திக்காட்டுகிற மாதிரி ஆகும். விழுங்கிக்கொண்டாள். "இன்னைக்கு இருட்டினதும் வீட்டு போனுக்குப் பண்ணு. எடுக்கற வரைக்கும் அடிக்க விடு. வச்சுடாதே."

"அப்பா எடுத்தா?"

"எடுக்கட்டும்னுதான் சொல்றேன்."

"கத்தினாருன்னா?"

"கத்தட்டுமே. இந்த வீட்டுல யாராவது கத்தியே ரொம்ப நாளாச்சு."

அன்று சாயங்காலமும் மழை பெய்துகொண்டிருந்தது. உருளைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு மேலே வந்தார். கையைத் துடைத்தார். டிவியின் சத்தத்தைக் குறைத்தார். நாற்காலியைப் போனுக்கு முதுகுகாட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"லைன்மேன் என்ன சொன்னான்?"

"அப்புறம் சொல்றேன்," என்றாள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்படி நிலைப்படியில் நின்றாள்.

'க்ளிங்.'

அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. முகத்தை அவள் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. தொண்டையைச் செருமினார். "டீ இருந்தா கொண்டா."

அவள் டீயை ஊற்றி முடிப்பதற்குள் போன் அடித்தது. இது அரை மணி இல்லை. வீடு முழுக்க அதிர்ந்த முழு மணி. நின்றது. மறுபடி அடித்தது. மகன் அறைக்கதவு திறந்தது.

உருளைக்காரர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. போன் முன்னால் போய் நின்றவர், அது இன்னும் ரெண்டு தரம் அடிக்கிறவரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"ம்," என்றார். பிறகு ஒரேயடியாகப் பேசினார். "இன்னைக்குதான் இன்னொரு மணி அடிக்க மனசு வந்துச்சாடி உனக்கு? தினமும் ஒண்ணோட வச்சுட்டுப் போறியே, உங்கப்பனுக்கு அது புரியாதுன்னு நினைச்சியா? நீ அடிக்க ஆரம்பிச்ச அன்னைக்கே எனக்குக் கோபமெல்லாம் போச்சு. நான் இங்க தினமும் உக்காந்து..."

நின்றார். கேட்டார். ரிசீவர் கரகரவென்று இழுத்தது.

"என்னது?"

மறுபடி கேட்டார்.

"நீ இல்லையா?" குரல் இறங்கிவிட்டது. "ஒருநாள்கூடவா?"

திரும்பி மனைவியைப் பார்த்தார். இனிமேல் மறைத்துப் பயனில்லை. "எக்ஸ்சேஞ்சுல மெஷின் லைனைத் தொட்டுப் பாக்குதாம்," என்றாள் அவள். "அந்த மணிதானாம் அது. லைன்மேன் சொன்னான்."

ரிசீவரைப் பிடித்த அவர் கை மெல்லக் கீழே இறங்கியது. அதற்குள்ளிருந்து சின்னதாக, "அப்பா... அப்பா... இருக்கீங்களாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. வைத்துவிடப் போகிறார், இந்தத் தடவை வைத்தால் அவ்வளவுதான் என்று மடிப்பக்கா ஓரடி முன்னால் வந்தாள். அவர் வைக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தினமும் போனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த சாயங்காலங்கள் எல்லாம் அவர் முகத்தில் வந்து போயின.

பிறகு ரிசீவரைக் காதுக்குக் கொண்டுபோனார்.

"இருக்கேன்," என்றார். "அழாதே. அடிக்கலைன்னா அடிக்கல, போவுது. நாளையிலேருந்து அடி. இங்க வேற போன் மாட்டப் போறாங்க, நம்பர் இதேதான். ஒண்ணோட வச்சுடாம நல்லா விட்டு அடி. நான் எழுந்து வரணும்ல."